டூலாங்கின் விதி – கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அணு எடைகளின் வரலாறு பற்றிய தங்கள் கட்டுரையில் பிரெஞ்சு வேதியியலாளர் டூலாங்கின் பெயர் ஒரே வரியில் வந்து போகிறது. வெடிக்கும் சேர்மம் ஒன்றை ஆராய்ந்து ஒரு கண்ணின் பார்வையையும் இரண்டு விரல்களையும் இழந்தவர் என்று மட்டுமே அவரை அறிவேன். அவர் பெயரிலுள்ள விதி தோராயமானது, வைரத்துக்குப் பொருந்தாதது என்று கல்லூரியில் படித்தேன். அவரை எதற்காக நினைவில் வைத்திருக்க வேண்டும்?

ரா.

அன்புள்ள ரா. அவர்களுக்கு,

அந்த விதிக்காகத்தான்.

1785இல் ரூவானில் பிறந்த டூலாங், பாரிஸில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்துவிட்டு வேதியியலுக்கு வந்தவர். நீங்கள் குறிப்பிடும் சேர்மம் அவர் 1811இல் கண்டறிந்த நைட்ரஜன் ட்ரைகுளோரைடு. அதைப் பற்றி பிரெஞ்சு அறிவியலாளர் ஆம்பியர் வழியாக அறிந்த ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியும் மறு ஆண்டே அதனால் கண்ணில் காயமுற்றார். அப்போது டேவிக்குக் குறிப்பெழுத வந்த இளைஞர்தான் மைக்கேல் ஃபாரடே.

ஆனால் டூலாங்கின் பெரும்பணி, இயற்பியலாளர் அலெக்சிஸ் பெட்டிட்டுடன் சேர்ந்து 1819இல் வெளியிட்ட விதியே. ஓர் ஆக்சைடில் உலோகம் எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு என்பதை அன்றைய தராசுகள் நன்றாகவே சொல்லின என்றாலும், அவை எத்தனை அணுக்களாகச் சேர்ந்திருக்கின்றன என்பதை எந்தத் தராசாலும் சொல்ல முடியாததால், அணு எடைகள் உண்மை மதிப்பின் இரு மடங்காகவோ பாதியாகவோ அட்டவணைகளில் நின்றுவிட இடமிருந்தது. 13 தனிமங்களை ஆராய்ந்த இருவரும், தன்வெப்பத்தை (ஒரு கிராம் பொருளை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பத்தை) அணு எடையால் பெருக்கினால் ஏறத்தாழ ஒரே எண் வருவதைக் கண்டார்கள்; அதுவே அந்த விதி. இன்றைய மதிப்புகளைக் கொண்டு இரும்பின் தன்வெப்பத்தை 56ஆல் பெருக்கினாலும், ஈயத்தின் தன்வெப்பத்தை 207ஆல் பெருக்கினாலும், கலோரிக் கணக்கில் விடை 6ஐ ஒட்டியே அமையும். வெள்ளியின் தன்வெப்பத்தை, ஸ்வீடன் வேதியியலாளர் பெர்ஸீலியஸ் அதற்கு வைத்திருந்த அணு எடையான 216ஐக் கொண்டு பெருக்கினால் 12 வரும், 108ஐக் கொண்டு பெருக்கினால் 6 வரும். எது சரியான எடை என்று தீர்ப்பதற்கு இங்கே தசமத் துல்லியம் தேவையே இல்லை. தோராயம் என்று நீங்கள் குறையாகச் சொல்வது, அந்தக் கேள்விக்கு முழுவதும் போதுமானதாக இருந்தது.

வைரத்துக்கு இப்படிப் பெருக்கி வரும் எண் அறை வெப்பநிலையில் 6இன் கால்பங்கு அளவே வருகிறது. அதை விதியின் தோல்வி என்று மட்டும் கருத எனக்கு மனம் வரவில்லை. இறுகப் பிணைந்த அணுக்களின் அதிர்வுகள் அந்த வெப்பநிலையில் முழுமையாகக் கிளர்வதில்லை என்று ஐன்ஸ்டைன் 1907இல் குவாண்டம் கொள்கையைக் கொண்டு விளக்கினார். அப்படி விளக்கப்பட வேண்டிய ஒரு விலகல் உண்டு என்பதே இந்த விதி இருந்ததால்தான் தெரிந்தது.

பெட்டிட் முப்பது வயது நிறைவதற்குள் 1820இல் இறந்தார். டூலாங் பின்னர் இயற்பியலாளர் அராகோவுடன் சேர்ந்து, கொதிகலன் வெடிக்கக்கூடும் என்று அறிந்தே, வளிமண்டல அழுத்தத்தைப் போல் 24 மடங்கு வரை நீராவியின் அழுத்தத்தை அளந்தார். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.