இரக்கம் வற்றிப்போச்சா?

கேள்வி: தனியார் மருத்துவமனையில் ஏழு வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். நைட் டியூட்டியில் 18 நோயாளிகளை நான் ஒருத்தியே பார்க்கிறேன். இப்போதெல்லாம் பெல் அடித்தாலே எரிச்சல் வருகிறது. போன வாரம் ஒரு பாட்டியிடம் கத்திவிட்டேன். எனக்கு இரக்கமே போய்விட்டதா? வேலையை விட்டுவிடட்டுமா?

பதில்: அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் முதலில் கண்ணில் பட்டது 18 என்ற எண்தான். பொது வார்டில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் மூன்று பேருக்கு ஒருவர். மூன்று செவிலியருக்கும் மேலான வேலையை நீங்கள் தனியாகச் செய்கிறீர்கள்.

எரிச்சல், யார் மீதும் ஒட்டுதல் இல்லாமை, தீராத அசதி எல்லாம் சேர்ந்து வருவதைத்தான் பர்ன்அவுட் என்கிறார்கள். இது வேலையிடம் உண்டாக்கும் நிலை என்று உலக சுகாதார நிறுவனமே 2019-ல் சொல்லிவிட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களிடம் நடத்திய ஆய்வு 2002-ல் வெளியானது. ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடினாலே பர்ன்அவுட் வாய்ப்பு 23 சதவீதம் ஏறுகிறது என்றது அது. உங்களுக்குக் கூடியிருப்பது ஒருவரா? இதில் உங்கள் குணத்தைக் குறை சொல்ல என்ன இருக்கிறது!

சுமையோடு மற்றதும் சேர்கிறது. இன்சூரன்ஸ் பேப்பர், பில்லிங் என்று நர்ஸ் வேலையே இல்லாத வேலைகள், நோயாளியோடு இருக்கும் அட்டெண்டரின் வசவு, கேட்காமலே மாறும் டியூட்டி லிஸ்ட். சம்பளமும்தான். ஐம்பதுக்கும் குறைவான படுக்கை உள்ள மருத்துவமனையில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த குழு 2016-லேயே பரிந்துரைத்தது. இதையெல்லாம் விட்டுவிட்டு யோகா வகுப்பு நடத்தும் நிர்வாகங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

உடனே விட வேண்டாம். இரண்டு வாரம் ஒவ்வொரு டியூட்டியிலும் எத்தனை நோயாளிகள், எத்தனை செவிலியர் என்று குறித்து வையுங்கள். அப்புறம் கூட வேலை பார்ப்பவர்களோடு சேர்ந்து நர்சிங் சூப்பரின்டென்டென்டைப் பாருங்கள். தனியாகப் போனால் ‘உனக்கு மட்டும்தான் முடியலையா’ என்பார்கள். இரவுக்கு இன்னொரு நர்ஸ் வேண்டும், நைட் முடித்தவர்களுக்கு டபுள் டியூட்டி கூடாது: இந்த இரண்டை மட்டும் எழுத்தில் கேளுங்கள்.

அவர்கள் அசையவில்லை என்றால் தாராளமாக வேறு இடம் பாருங்கள். இன்டர்வியூவில் சம்பளத்தோடு, இரவில் ஒருவருக்கு எத்தனை நோயாளிகள் என்றும் கேளுங்கள். அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டு வைக்காதீர்கள்.

லீவு நாளிலும் தூக்கம் வரவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் காத்திருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், இலவசம், தமிழிலேயே பேசலாம்.