திருவருகைக்காலத்தை அமைதியாகக் கடைப்பிடிப்பது எப்படி?

கேள்வி: டிசம்பர் பிறந்ததுமே அலுவலகத்தில் விருந்து, பாடகர் குழுவில் கரோல் ஒத்திகை, வீட்டில் ‘மரம் எப்போது, குடில் எப்போது’ என்று பிள்ளைகளின் நச்சரிப்பு. 25-ஆம் தேதி வருவதற்குள் கிறிஸ்துமஸே சலித்துவிடுகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்தக் காலமான திருவருகைக்காலத்தை இந்த முறை அமைதியாகக் கடைப்பிடிக்க ஆசை. நோன்பு இருக்க வேண்டுமா? கொண்டாட்டங்களுக்குப் போகாமல் இருந்துவிடலாமா?

பதில்: நோன்பு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். இலத்தீன் வழிபாட்டு முறைக் கத்தோலிக்கருக்கு இந்தக் காலத்துக்கென்று தனி நோன்புக் கடமை கிடையாது. திருச்சபைச் சட்டத்தின் 1250-ஆம் பிரிவு தவநாள்களாகச் சொல்வது ஆண்டின் வெள்ளிக்கிழமைகளையும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தையும்தான். பழைய வழக்கம் வேறு. 5-ஆம் நூற்றாண்டில், இன்றைய பிரான்சிலுள்ள தூர் நகரின் ஆயர் பெர்பெத்துவுஸ், நவம்பர் 11 தொடங்கி கிறிஸ்து பிறப்பு வரை வாரத்துக்கு மூன்று நாள் நோன்பு என்று ஏற்படுத்தினார். கிழக்குத் திருச்சபைகளின் பைசாந்திய மரபினர் இன்றும் நவம்பர் 15 முதல் 40 நாள் நோன்பிருக்கிறார்கள். விரும்பினால் வெள்ளிக்கிழமை ஒருசந்தி (ஒருவேளை உணவு நோன்பு) இருங்கள், இல்லாவிட்டாலும் குறையில்லை.

ஊதா நிறத் திருவுடையும் ஞாயிறு திருப்பலியில் ‘உன்னதங்களிலே’ என்று தொடங்கும் வானவர் கீதம் இல்லாததும் சேர்ந்து, இதை இன்னொரு தவக்காலம் என்று பலரை நினைக்க வைத்துவிட்டன. ஆனால் தவக்காலத்தில் நின்றுபோகிற அல்லேலூயா இப்போது நிற்பதில்லை. மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சி ஞாயிறு. குருவானவர் ரோஜா நிறத்தில்கூட உடுத்தலாம். வழிபாட்டு ஆண்டுக்கான பொது விதிமுறைகள், பக்தியும் மகிழ்ச்சியும் கலந்த எதிர்பார்ப்பின் காலம் என்றே இதைச் சொல்கின்றன. ஆகவே அலுவலக விருந்துக்குத் தாராளமாகப் போய்வாருங்கள். போன இடத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அமைதியாகாது.

உங்கள் சலிப்புக்குக் காரணம் கொண்டாட்டம் அதிகமாக இருப்பதல்ல, எல்லாம் 25-க்கு முன்னால் வந்து குவிவதுதான் என்று எனக்குப் படுகிறது. கிறிஸ்து பிறப்புக் காலம் 24-ஆம் தேதி மாலை தொடங்கி, ஜனவரியில் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீள்கிறது. அத்தனை நாள் இருந்தும் 26-ஆம் தேதியே மரத்தைக் கழற்றிவிடுகிறோம்! ஊர் முடிவு செய்கிற நிகழ்ச்சிகளை விடுங்கள். உங்கள் கையில் இருப்பவை, அதாவது உறவினரை அழைப்பது, நண்பர் வீட்டுக்குப் போவது, பரிசு கொடுப்பது ஆகியவற்றை 25-க்குப் பின்னால் தள்ளிவையுங்கள். டிசம்பர் மாலைகள் தானாகவே காலியாகும்.

காலியான மாலைகளில் கால் மணி நேரம் லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்துக்கு ஒதுக்குங்கள். டிசம்பர் 1 முதல் நாளுக்கொரு அதிகாரமாக லூக்காவின் 24 அதிகாரங்களையும் படிக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இயேசு பிறக்கவேண்டிய நாளில் உயிர்த்தெழுதலைப் படித்துக்கொண்டிருப்போம். முதல் அதிகாரத்தின் 80 வசனங்களே இந்தக் காலத்துக்குப் போதும். முதல் வாரம் செக்கரியா (1-25), அடுத்து மரியாவுக்கு வானதூதர் சொன்ன செய்தி (26-38), மூன்றாவது மரியா எலிசபெத்தைச் சந்தித்தது (39-56), கடைசியில் திருமுழுக்கு யோவானின் பிறப்பு (57-80). நீங்கள் தேடும் அமைதியும் அங்கேயே இருக்கிறது. வானதூதர் கபிரியேல் சொன்னதை நம்பாத குரு செக்கரியா, குழந்தை யோவான் பிறந்து பெயரிடும்வரை பேச்சிழந்து இருக்கிறார். அவர் மனைவி எலிசபெத்து ஐந்து மாதம் வெளியே தலைகாட்டவில்லை. செக்கரியாவின் ஊமை வாய் திறந்ததும் வருவது புகார் அல்ல, புகழ்ப்பாடல். பகுதியை மாற்றாமல் ஒரு வாரம் முழுக்க அதையே திரும்பத் திரும்பப் படியுங்கள். நான்காம் நாளுக்குமேல்தான் அது பேசத் தொடங்கும்.

ஓர் எச்சரிக்கை. திருவருகைக்காலம் நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையே வரும் ஞாயிறன்று தொடங்குவதால், அதன் நீளம் 22 முதல் 28 நாள் வரை மாறும். 2023-இல் நான்காம் ஞாயிறே டிசம்பர் 24-ஆக அமைந்தது. நான்காம் ‘வாரம்’ ஒரு பகலோடு முடிந்தது. எனவே கடைசிப் பகுதியை டிசம்பர் 17 அன்றே தொடங்கிவிடுங்கள். திருவழிபாட்டிலும் அன்றிலிருந்து கவனம் ஆண்டவரின் இரண்டாம் வருகையைவிட்டு அவரது பிறப்பின் பக்கம் திரும்புகிறது.

பிள்ளைகளுக்குக் குடிலை மறுக்காதீர்கள், தவணையில் கொடுங்கள். முதல் ஞாயிறு வெறும் தொழுவம், பிறகு ஆடுமாடு, பிறகு மரியாவும் யோசேப்பும். தீவனத் தொட்டி 24 இரவு வரை காலியாகவே இருக்கட்டும். ஞானிகள் வீட்டின் வேறொரு மூலையிலிருந்து கிளம்பி, ஜனவரியில் வரும் திருக்காட்சிப் பெருவிழாவன்று வந்து சேரட்டும். திருவருகைக்கால மெழுகுதிரி வளையமும் பிள்ளைகளின் பொறுமைக்காகப் பிறந்ததுதான். ‘கிறிஸ்துமஸ் எப்போது’ என்று ஓயாமல் கேட்ட சிறுவர்களுக்காக ஹாம்பர்க் நகரில் யோகான் ஹின்ரிக் விக்கெர்ன் என்ற போதகர் 1839-இல் ஒரு வண்டிச் சக்கரத்தின்மேல் மெழுகுதிரிகளை வைத்தார். ஞாயிறுகளுக்குப் பெரியவை நான்கு, மற்ற நாள்களுக்குச் சிறியவை. இன்று நாம் வைப்பது பெரிய நான்கை மட்டும்.

கரோல் ஒத்திகையை விட்டுவிட வேண்டாம், அது சபைக்குச் செய்யும் பணி. வீட்டில் மட்டும் அந்தப் பாடல்களை 24 வரை ஒலிக்க விடாதீர்கள்.

ஒப்புரவு அருட்சாதனத்துக்கு (பாவசங்கீர்த்தனத்துக்கு) 23-ஆம் தேதி நீண்ட வரிசையில் போய் நிற்காதீர்கள். இரண்டாம் ஞாயிறு நற்செய்தியில் திருமுழுக்கு யோவான் மனம் மாறச் சொல்கிறார். அந்த வாரமே போய்வாருங்கள். குருவானவருக்கும் அப்போது உங்களுடன் பேச நேரமிருக்கும்.