தலையில்லாத கரப்பானும் கண்ணாடி பார்த்த பன்றியும்

ஐயா, வணக்கம்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் "உங்களுக்குத் தெரியுமா?" என்று ஒரு பட்டியல் வந்தது. பன்றிக்கு உச்ச இன்பம் முப்பது நிமிடம் நீடிக்கும். கரப்பான்பூச்சி தலை இல்லாமல் ஒன்பது நாள் இருந்து, கடைசியில் பட்டினியால் சாகும். தெள்ளுப்பூச்சி தன் உடம்பைப்போல 350 மடங்கு தூரம் தாவும். கெளுத்தி மீனுக்கு 27,000 சுவை மொட்டுகள். பட்டாம்பூச்சி காலால் ருசி பார்க்கும். குதிக்க முடியாத ஒரே விலங்கு யானை. நெருப்புக்கோழியின் கண் அதன் மூளையைவிடப் பெரிது. பனிக்கரடிகள் எல்லாம் இடக்கைப் பழக்கம் உள்ளவை. இப்படி இருபது இருக்கும்.

நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்கு, முதல் வரியை மட்டும் தாண்டிவிட்டு, மற்றதை வாசித்துக் காட்டினேன். "இதையெல்லாம் யாரும்மா எண்ணிப் பார்த்தாங்க?" என்றான். என்னிடம் பதில் இல்லை. இதில் எது உண்மை, எது கதை? இன்னொன்றும் கேட்க வேண்டும். பன்றிக்கு நாயைவிட அறிவு அதிகம் என்று அடிக்கடி கண்ணில் படுகிறது. நிஜமாகவே அப்படியா, இல்லை பாவப்பட்டுச் சொல்வதா?

கலைவாணி

அன்புள்ள கலைவாணி,

"யார் எண்ணிப் பார்த்தாங்க?" அந்தப் பட்டியலைத் தயாரித்தவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. உங்கள் பையனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இந்தப் பட்டியல் வாட்ஸப்பைவிட மூத்தது. மின்னஞ்சல் புதிதாக வந்த காலத்தில் எனக்கே நாலைந்து முறை வந்திருக்கிறது. அப்போதும் பன்றிதான் முதல் வரி, அதே முப்பது நிமிடம். இத்தனை வருடத்தில் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. நானும் அன்றைக்கு அதை நாலு பேருக்கு அனுப்பியவன்தான். அதனால் யாரையும் கேலி செய்யும் யோக்கியதை எனக்கு இல்லை.

முதல் வரியை முதலில் முடித்துவிடலாம். காளைக்கு விந்து வெளியேறுவது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். ஆண் பன்றிக்கு அப்படி இல்லை, சில நிமிடங்கள் நீளும். ஒரு தடவைக்குக் கால் லிட்டர் வரைகூட வெளியேறும். செயற்கைக் கருவூட்டலுக்காகப் பண்ணைகளில் விந்து சேகரிப்பவர்களுக்கு இது அன்றாட வேலை, அளவும் நேரமும் அவர்களுக்கு அத்துப்படி. அந்தச் சில நிமிடங்கள் யார் கையிலோ அரைமணி ஆகிவிட்டன. விந்து வெளியேறும் நேரத்தை அளக்கலாம், சரி. இன்பத்தை எந்தக் கடிகாரத்தால் அளந்தார்களோ தெரியவில்லை.

பட்டியல் எல்லா இடத்திலும் கூட்டித்தான் சொல்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். கரப்பான் விஷயத்தில் குறைத்துச் சொல்லியிருக்கிறது. தலை போன கரப்பான் ஒன்பது நாள் அல்ல, வாரக்கணக்கில் கிடக்கும். நமக்குக் கழுத்து அறுபட்டால் ரத்தம் பீய்ச்சி அடிக்கும். அதன் உடம்பில் அப்படி அழுத்தத்தோடு ஓடும் குழாய்கள் இல்லை. கழுத்துக் காயம் உறைந்து அடைத்துக்கொள்கிறது. மூச்சுக்கும் தலை தேவையில்லை, உடம்பின் பக்கவாட்டில் இருக்கும் சிறு துளைகள் வழியாகக் காற்று போய் வருகிறது. நிற்பது, அசைவது போன்ற வேலைகளை உடம்பில் ஆங்காங்கே இருக்கும் நரம்பு முடிச்சுகளே பார்த்துக்கொள்கின்றன. கடைசியில் நீர் வற்றிச் சாகும், அல்லது பூஞ்சை பிடித்து.

கெளுத்தியும் அப்படித்தான். 27,000 என்பது அதற்குப் போதாது. அமெரிக்க ஆறுகளில் வாழும் ஒரு வகைக் கெளுத்திக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் சுவை மொட்டுகள் உண்டு. வாயில் மட்டுமல்ல, மீசையில், முதுகில், வால்வரைக்கும். கலங்கின தண்ணீரில் கண்ணை நம்பிப் பிழைக்க முடியாது. அதனால் உடம்பு முழுவதும் நாக்கு. பட்டாம்பூச்சி காலால் ருசி பார்ப்பது உண்மை. தன் புழுக்களுக்கு ஏற்ற இலைதானா என்று காலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் முட்டை இடும். நெருப்புக்கோழியின் கண்ணும் உண்மை. அந்த ஐந்து சென்டிமீட்டர் விழிக்கு முன்னால் அதன் மூளை சிறிதுதான். பனிக்கரடியின் இடக்கை வெறும் கட்டுக்கதை.

தெள்ளுக்கு 350 மடங்கு என்பது அதிகப்படி. ஆனால் அந்த எண்ணைவிடச் சுவையான கதை ஒன்று அங்கே இருக்கிறது. தசை இழுத்து மட்டும் அப்படித் தாவ முடியாது, அவ்வளவு வேகமாக எந்தத் தசையும் சுருங்காது. தெள்ளின் உடம்பில் ரெசிலின் என்று ரப்பர் மாதிரி ஒரு புரதம் இருக்கிறது. தசை அதை மெதுவாக அழுத்தி வைக்கும், பூட்டு விடுபட்டதும் உண்டிவில் மாதிரி தெறிக்கும். 1967-இலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த விசை தரையை உதைப்பது தொடை மூட்டு வழியாகவா, கால் நுனி வழியாகவா என்பதில்தான் சண்டை. நாற்பது வருடத்துக்கு மேல் அது தீரவில்லை. 2011-இல் கேம்பிரிட்ஜில் கிரெகரி சட்டனும் மால்கம் பரோஸும் நொடிக்கு ஆயிரக்கணக்கான படம் எடுக்கும் கேமராவை வைத்துப் பார்த்தார்கள். கால் நுனிதான். ஒரு பூச்சி எந்த இடத்தில் காலை ஊன்றுகிறது என்று தெரிந்துகொள்ள நாற்பத்து நாலு வருடம்!

யானை குதிக்காது, உண்மைதான். ஆனால் "ஒரே விலங்கு" என்பது தப்பு, நீர்யானையும் குதிக்காது. பட்டியல் போட்டவர் யானையிடம் பார்க்க வேண்டியதை விட்டுவிட்டாரே என்பதுதான் எனக்கு வருத்தம். 1984-இல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் விலங்குக் காட்சியகத்தில் கேட்டி பெய்ன் என்ற பெண்மணி யானைகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அதற்குமுன் திமிங்கிலப் பாட்டுகளை ஆராய்ந்தவர். காதில் ஒன்றும் விழவில்லை, ஆனால் காற்று லேசாகத் துடிப்பது போல உடம்பில் ஓர் அதிர்வு. சிறுவயதில் தேவாலயத்து ஆர்கனின் மிகப் பெரிய குழாய் ஒலிக்கும்போது பக்கத்தில் நின்ற ஞாபகம் அவருக்கு வந்தது. பதிவுக் கருவியோடு திரும்பி வந்து பார்த்தால், யானைகள் நமக்குக் கேட்காத தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தன. அந்த அதிர்வு மண்ணிலும் பரவுகிறது, அதை அவை பாதத்தால் உணர்கின்றன என்று பிற்பாடு தெரியவந்தது.

இப்போது பன்றி.

"பன்றியோடு கூடின கன்றும் மலம் தின்னும்" என்று பழமொழி வைத்திருக்கிறோம். பாவம், பன்றிக்கு உடம்பைக் குளிர்விக்கும் அளவுக்கு வியர்க்காது. வெறும் தண்ணீர் சீக்கிரம் உலர்ந்துவிடும், சேறு நெடுநேரம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதனால்தான் சேற்றில் புரளுகிறது. இடம் மட்டும் இருந்தால் படுக்கும் மூலையில் கழிவு போடாது, தள்ளிப் போய்த்தான் போடும். சுவிட்சர்லாந்தின் பாசல் காட்சியகத்தில் காட்டுப்பன்றிகளுக்கு மணல் ஒட்டிய ஆப்பிளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓடைக்குக் கவ்விக்கொண்டு போய் அலசிவிட்டுத் தின்றன. சுத்தமான ஆப்பிளை எடுத்த இடத்திலேயே தின்றுவிட்டன.

தாய்ப்பன்றி குட்டிகளுக்குப் பால் கொடுப்பதை நான் ஒருமுறை கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒருக்களித்துப் படுத்து, மெதுவாக, தாளம் தப்பாமல் உறுமத் தொடங்கியது. எங்கெங்கோ கிடந்த குட்டிகள் அலறிக்கொண்டு ஓடி வந்தன. குட்டிகள் பிறந்த முதல் சில நாள் ஊசிப்பல்லால் கடித்துச் சண்டை போட்டு, ஆளுக்கு ஒரு காம்பைச் சொந்தமாக்கிக்கொள்ளும். முன்பக்கக் காம்புகளுக்குத்தான் போட்டி அதிகம். பிறகு கடைசிவரை அதே காம்புதான். அன்றைக்கு நான் பார்த்த குட்டிகள் இடம் மாறாமல் வந்து நின்று மடியை மூக்கால் முட்டின. ஒரு நிமிடத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. திடீரென்று உறுமல் இரட்டிப்பு வேகமானது, குட்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அசையாமல் நின்றன. பால் இறங்கிவிட்டது. அது இறங்குவது மொத்தமே இருபது நொடிதான், அப்புறம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு மடியில் பால் கிடையாது. அந்த நொடியில் காம்பில் வாய் வைக்காத குட்டிக்கு அந்த வேளை பட்டினி. அப்படி ஒன்று பின்பக்கம் முட்டிக்கொண்டே நின்றது. அதை எனக்கு இன்னும் மறக்க முடியவில்லை.

அறிவு விஷயத்தில் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். நூறு வருடத்துக்கு முன் பெர்லினில் ஒரு குதிரை கணக்குப் போடுகிறது என்று ஊரே நம்பியது. கடைசியில் 1907-இல், கேள்வி கேட்பவரின் முகத்திலும் தலையிலும் தெரிந்த சின்ன அசைவைப் பார்த்து அது குளம்பு தட்டுவதை நிறுத்தியது என்று அம்பலமானது. பன்றியைப் பற்றியும் அப்படி ஒரு அழகான தப்பு உண்டு. ட்ரஃபிள் என்று மண்ணுக்கடியில் விளையும் விலையுயர்ந்த காளானைப் பெண் பன்றிகள் மோந்து கண்டுபிடிக்கும். ஆண் பன்றியின் எச்சிலில் உள்ள ஆண்ட்ரோஸ்டீனால் என்ற வாசனைப் பொருள் அந்தக் காளானிலும் இருப்பது 1981-இல் தெரிந்தது. சரி, ஆண் பன்றி என்று ஏமாந்துதான் தோண்டுகிறது என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். 1990-இல் பிரான்சில் அந்தப் பொருளைத் தனியாகப் புதைத்துப் பார்த்தபோது பன்றி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. டைமெத்தில் சல்ஃபைடு என்ற வேறொரு வாசனையைப் புதைத்த இடத்தைத்தான் தோண்டியது. காதல் கதையை இன்றைக்கும் பலர் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அது கேட்க நன்றாக இருக்கிறது.

ஆகவே பன்றிக்கு அறிவு உண்டு என்றால், எந்தச் சோதனையில், எப்படி என்று பார்க்க வேண்டும். 1990-களில் அமெரிக்காவில் நாலு பன்றிகளுக்கு மூக்கால் ஜாய்ஸ்டிக்கை நகர்த்தி, திரையில் ஒரு புள்ளியைச் சுவரில் மோத வைக்கப் பழக்கினார்கள். தற்செயலாக வரக்கூடியதைவிட நன்றாகவே செய்தன. 2021-இல் வெளிவந்த அந்தக் கட்டுரையில் என்னைச் சிரிக்க வைத்த தகவல் வேறு. ஹாம்லெட், ஆம்லெட் என்ற இரண்டு பன்றிகளைப் பன்னிரண்டு வாரத்தில் ஆட்டத்திலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். உடம்பு பெருத்துப்போய் அவ்வளவு நேரம் நிற்க முடியவில்லையாம்.

நாயோடு ஒப்பிடுவது எனக்குப் பிடிக்காது. மனிதர் விரலால் சுட்டும் திசையைப் பார்ப்பது நாயின் கைவந்த கலை, மண்ணைக் கிளறிப் பிழைப்பது பன்றியின் கலை. இரண்டுக்கும் ஒரே வினாத்தாளைக் கொடுத்து மார்க் போடுவது எதற்கு? பன்றிக்கு என்று பார்த்தால் இதுதான் எனக்குப் பிடித்தது: இரை இருக்கும் இடம் சிறிய பன்றிக்கு மட்டும் தெரியும், பெரியது அதைப் பின்தொடர்ந்து போய்ப் பிடுங்கிக்கொள்ளும். பிரிட்டனின் பிரிஸ்டலில் இதைச் சோதித்தார்கள். சில தடவை ஏமாந்தபின், சிறியது தன் போக்கை மாற்றிக்கொண்டது; பெரியது தள்ளி இருக்கும் சமயம் பார்த்துத்தான் இரையிடம் போனது.

உங்கள் பையனுக்குச் சொல்ல ஒன்றை வைத்திருக்கிறேன். 2009-இல் கேம்பிரிட்ஜில் டொனால்ட் ப்ரூம் என்பவரும் கூட்டாளிகளும் செய்தது. சில வாரமே வயதான எட்டுப் பன்றிக்குட்டிகளை ஐந்து மணி நேரம் ஒரு கண்ணாடியோடு விட்டார்கள். அவை கண்ணாடி முன் வந்து நின்றன, திரும்பின, அசைந்து அசைந்து பார்த்தன. பிறகு ஒரு தடுப்புக்குப் பின்னால் தீனிக் கிண்ணத்தை வைத்தார்கள். நேரே பார்த்தால் தெரியாது, கண்ணாடியில் மட்டும் தெரியும். வாசனையை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று மின்விசிறி வேறு. கண்ணாடியையே பார்த்திராத வேறு குட்டிகளை விட்டபோது பெரும்பாலானவை கண்ணாடிக்குப் பின்னால் போய்த் தேடின. பழகிய எட்டில் ஏழு, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, தடுப்பைச் சுற்றிக்கொண்டு கிண்ணத்துக்கே போய்விட்டன. கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று அவற்றுக்குத் தெரியுமா என்பதை இந்தச் சோதனை காட்டவில்லை, அதைக் காட்டியதாகச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

அந்த ஏழும் எடுத்துக்கொண்ட நேரம் சராசரியாக இருபத்து மூன்று நொடி. இதை எண்ணிப் பார்த்த ஆட்கள் இருக்கிறார்கள் என்று அவனிடம் சொல்லுங்கள்.