புக்கெட்டில் காசில்லாமல் என்னவெல்லாம் பார்க்கலாம்? கேட்டவர்களுக்குப் பதில்

தாய்லாந்தின் புக்கெட் தீவுக்கு வேலைக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது. லீவு நாளில் ரூமில் அடைந்து கிடக்கப் பிடிக்காமல் ஸ்கூட்டரில் தீவு முழுக்கச் சுற்றியிருக்கிறேன். சுற்றியதில் தெரிந்துகொண்டது இதுதான்: இங்கே பார்ப்பதற்குக் காசு கிடையாது, போய்ச் சேர்வதற்குத்தான் காசு. கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (கோவை): அண்ணா, ஏஜென்ட் காட்டிய படத்தில் கடலுக்கு நடுவே நிற்கிற பாறை, பச்சைத் தண்ணீர் எல்லாம் இருந்தது. அங்கெல்லாம் இலவசமாகப் போக முடியுமா?

அந்தப் படத்தில் பாதி புக்கெட்டே இல்லை தம்பி. ஃபி ஃபி தீவு பக்கத்து கிராபி மாகாணம். ஜேம்ஸ் பாண்ட் பாறை பாங் ங்கா மாகாணம். இரண்டுமே தேசியப் பூங்கா, படகுக்கு ஒரு காசு, நுழைவதற்கு இன்னொரு காசு. ஒரு நாள் போய் வாருங்கள், தப்பில்லை. மிச்ச நாளுக்கு இந்தத் தீவுக்குள்ளேயே ஏராளமாக இருக்கிறது.

கேள்வி (நாகர்கோவில்): சூரிய அஸ்தமனம் பார்க்க எங்கே போகலாம்?

தெற்கு முனையில் இருக்கும் புரோம்தெப் முனைதான். டிக்கெட் கிடையாது. ஐந்தரைக்கே போய்விடுங்கள், ஆறு மணிக்கு மேல் வண்டி நிறுத்த இடம் இருக்காது. மேலே நான்முகனுக்கு ஒரு சன்னதி, அதைச் சுற்றி ஜனங்கள் நேர்ந்துகொண்டு வைத்த யானைப் பொம்மைகள், கை அளவில் தொடங்கி ஆள் உயரம் வரைக்கும். 1996-ல் மன்னர் பூமிபோல் அரியணை ஏறிய பொன்விழாவுக்காகக் கட்டிய கலங்கரை விளக்கமும் அங்கேதான். எனக்கு அங்கே பிடித்தது இதெல்லாம் இல்லை, கடலுக்குள் இறங்கும் அந்தச் சரிவில் நிற்கிற பனைமரங்கள். முதல் தடவை பார்த்தபோது, இவ்வளவு தூரம் வந்தும் பனங்காட்டில்தானே நிற்கிறோம் என்று சிரிப்பு வந்துவிட்டது. நாகர்கோவில்காரருக்குச் சொல்லவே வேண்டாம்.

கூட்டம் பிடிக்காதவர்கள் நை ஹார்ன், கட்டா நோய் என்ற இரண்டு கடற்கரைகளுக்கு நடுவில் இருக்கும் கரோன் வியூ பாயின்ட்டுக்குப் போகலாம். மூன்று கடற்கரைகள் வளைவு வளைவாக ஒரே பார்வையில் தெரியும்.

கேள்வி (சேலம்): பீச் ஓரம் எல்லாம் பெரிய ஹோட்டலாக இருக்கிறதே, உள்ளே விடுவார்களா?

தாய்லாந்தில் கடற்கரை பொதுச் சொத்து, எந்த ஹோட்டலுக்கும் சொந்தமில்லை. கடலுக்குப் போகிற வழிதான் சில இடங்களில் தனியார் நிலத்துக்குள் இருக்கும், அங்கே காசு கேட்பார்கள். படோங், கரோன், கட்டா, நை ஹார்ன், சுரின் எல்லாவற்றுக்கும் ரோட்டிலிருந்து நேராக இறங்கிவிடலாம். மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம், அலை மோசமாக இருக்கும். சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் தண்ணீரிலும் இறங்காதீர்கள். நீச்சல் தெரிந்தவர்களையே உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும்.

கேள்வி (திருச்சி): அம்மாவைக் கூட்டி வருகிறேன். கோயில்கள்?

வாட் சலோங். கட்டணம் இல்லை, தோளும் முழங்காலும் மூடிய உடை இருந்தால் போதும். அங்கே இருக்கும் உயரமான ஸ்தூபியில் இலங்கையிலிருந்து கொண்டுவந்த புத்தரின் எலும்புத் துணுக்கு இருக்கிறது. 1876-ல் வெள்ளீயச் சுரங்கச் சீனர்கள் கலகம் செய்தபோது ஊர் ஜனங்களுக்குத் துணை நின்ற லுவாங் போ சேம் என்ற பிக்குவின் சிலைக்குத்தான் வழிபாடு அதிகம். தங்க இலை ஒட்டி ஒட்டி முகமே தெரியாது. வெளியே செங்கல் அடுப்பு மாதிரி ஒன்று இருக்கும், வேண்டுதல் நிறைவேறியவர்கள் அதற்குள் பட்டாசுச் சரம் கொளுத்துவார்கள். அம்மாவை அதன் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள், எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது.

மலைமேல் இருக்கும் 45 மீட்டர் வெள்ளைப் பளிங்கு புத்தரையும் கேட்பீர்கள். 2024 ஆகஸ்டில் அந்த மலையில் மண் சரிந்து கீழே 13 பேர் இறந்த பிறகு மேலே போகும் வழியை மூடினார்கள். கிளம்பும் முன் தங்குமிடத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். கட்டாவிலிருந்தும் சலோங்கிலிருந்தும் கீழே நின்றே கும்பிடலாம்.

கேள்வி (சென்னை): பழைய ஊர் பார்க்கத் தகுமா, இல்லை போட்டோவுக்கு மட்டும்தானா?

என்னைக் கேட்டால் முதல் நாளே அங்கேதான் போகச் சொல்வேன். இந்தத் தீவு பணம் பார்த்தது கடலால் இல்லை, வெள்ளீயத்தால். டிபுக் சாலை என்று ஒன்று இருக்கிறது, டிபுக் என்றாலே வெள்ளீயம்தான். வெள்ளீயத்தில் சம்பாதித்த சீனர்கள் கட்டிய கடைவீடுகள் தலாங் சாலை, கிராபி சாலை, சோய் ரோமணி முழுக்க நிற்கின்றன. ஒவ்வொரு வீட்டு முன்னாலும் நம் பக்கத்துத் திண்ணை மாதிரி வளைவு வைத்த நடைபாதை, ஒரு வீட்டுத் தரையில் பூப்போட்ட டைல், அடுத்த வீட்டில் வேறு பூ. தலையைத் தூக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாலும் ஒரு மணி நேரம் போய்விடும்.

ஞாயிறு சாயங்காலம் நாலு மணியிலிருந்து தலாங் சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டுச் சந்தை போடுவார்கள். பார்க்கக் காசில்லை, ஆனால் வாசனை விடாது. காலையில் போனால் அதே தெருவில் முஸ்லிம் ரொட்டிக் கடைகள், குழம்போடு தருவார்கள். நம் பரோட்டாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அப்புறம் ராங் மலை ஏறினால் ஊர் மொத்தமும் தெரியும், அதுவும் இலவசம்.

கேள்வி (ஈரோடு): டாக்சி காசு பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டியதுதான். ஒரு தடவை ராத்திரி பத்து மணிக்கு மேல் படோங்கில் மாட்டிக்கொண்டு, வீடு வர டுக் டுக்குக்குக் கொடுத்த காசில் மூன்று நாள் சாப்பிட்டிருக்கலாம். பகலில் பழைய ஊர் ரனோங் சாலை மார்க்கெட்டிலிருந்து சாங்தாவ் என்ற நீல நிற ஷேர் வண்டிகள் ஒவ்வொரு கடற்கரைக்கும் போகும், 50 பாட் பணத்துக்குள் முடிந்துவிடும். சாயங்காலத்தோடு நின்றுவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். விமான நிலையத்திலிருந்து மேற்குக் கரை முழுக்க ஸ்மார்ட் பஸ் இருக்கிறது. ஸ்கூட்டர் எடுப்பதாக இருந்தால் பைக்குக்குச் செல்லும் சர்வதேச லைசென்ஸ் இருக்க வேண்டும். இல்லாமல் விழுந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும், ஆஸ்பத்திரி பில் உங்கள் தலையில்.

கேள்வி (மதுரை): தலைக்கு மேல் விமானம் இறங்கும் பீச்?

மை காவ். அது சிரிநாத் தேசியப் பூங்காவுக்குள் வருவதால் வெளிநாட்டவருக்கு 200 பாட் கட்டணம். நான் ஒரு தடவை போனேன், போதும்.

கேள்வி (கும்பகோணம்): நாங்கள் சைவம். திருவிழா ஏதாவது இருக்கிறதா?

இரண்டுக்கும் ஒரே பதில்! சீன நாட்காட்டியில் ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாளும் இங்கே சைவத் திருவிழா. 2023-லும் 2024-லும் நம் நவராத்திரியோடு அதே தேதிகளில் வந்தது, சில வருஷம் தள்ளிப் போகும். 1825 வாக்கில் கத்து என்ற ஊரில் கூத்தாட வந்த சீனக் குழு நோயில் விழுந்து, சைவ விரதம் இருந்து பிழைத்ததில் தொடங்கியது என்பார்கள். காலையில் சாமி இறங்கியவர்கள் கன்னத்தில் வேலும் கத்தியும் குத்திக்கொண்டு தெருவில் வருவார்கள், ராத்திரி தீமிதி. அலகு குத்துவதைப் பார்த்து வளர்ந்த நமக்கே சில நேரம் கண்ணை மூட வேண்டியிருக்கும். வெள்ளை உடுத்திக்கொண்டு ஓரமாக நில்லுங்கள், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். மற்ற நாட்களில் மஞ்சள் கொடியில் சிவப்பாக, பார்க்க 17 மாதிரி ஓர் எழுத்து இருக்கும் கடையைத் தேடுங்கள். அது ‘ஜே’, சுத்த சைவம். பூண்டு வெங்காயம்கூட இருக்காது.

கேள்வி (காரைக்குடி): தமிழர் சம்பந்தப்பட்ட இடம் ஏதும்?

தலாங் தேசிய அருங்காட்சியகம். 1785-ல் பர்மியப் படையை விரட்டிய சான், முக் என்ற சகோதரிகளின் சிலை நிற்கும் ரவுண்டானாவுக்குப் பக்கத்தில். பாலம் தாண்டி வடக்கே தகுவா பா என்ற ஊர், அங்கே 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. ‘அவனி நாரணம்’ என்று ஒரு குளத்துக்குப் பெயர் வைத்து, மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவினர் அதைக் காக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஊரில் கிடைத்த திருமால் சிலை இந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இது இலவசம் இல்லை. இவ்வளவு நேரம் காசில்லாத இடமாகச் சொன்னேன் இல்லையா, இதற்கு மட்டும் டிக்கெட் எடுங்கள்.