வெள்ளிக் கம்பியா, செம்புக் கம்பியா? ஹெட்போன் கேபிள் செய்ய விரும்பும் வாசகருக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டை ஒட்டிய செம்பனை ஆலை ஒன்றில் சார்ஜ்மேனாக, அதாவது மின்சாதனப் பொறுப்பாளராகப் பணிபுரியும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் 300 ஓம் மின்தடையுள்ள சென்ஹைசர் எச்டி 650 ஹெட்போனும், ஒரு காதுக்குள் பல ஒலிப்பான்கள் கொண்ட இயர்போன் ஒன்றும் உள்ளன. தனியாக வாங்கிய கேபிளில், நிறமற்ற உறைக்குள் செம்பு பச்சை பூத்துவிட்டது. கடைத்தெருவிலுள்ள பொற்கொல்லர் தூய வெள்ளியைக் கம்பியாக இழுத்துத் தருவதாகச் சொல்கிறார். ஒன்றரை மீட்டர் கேபிளை வெள்ளியிலேயே செய்துகொள்ளலாமா?"

செம்பிலேயே செய்யுங்கள். விலைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அறை வெப்பநிலையில் வெள்ளியின் தன்மின்தடை (பொருளுக்கே உரிய மின்தடை அளவு) 1.59 மைக்ரோ ஓம் சென்டிமீட்டர்; செம்பினுடையது 1.68. வெள்ளி முந்துவது ஏறத்தாழ 5 விழுக்காடுதான். செம்புக் கம்பியின் விட்டத்தை 3 விழுக்காடு கூட்டினாலே அந்த வேறுபாடு மறைந்துவிடும்.

26 கேஜ் கம்பியில் (விட்டம் ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர்), போகவும் திரும்பவும் சேர்த்து 3 மீட்டர் செம்பின் மின்தடை 0.40 ஓம், அதே அளவு வெள்ளியில் 0.38 ஓம். 300 ஓம் ஹெட்போனில் இந்த 0.40 ஓம் குறைக்கும் ஒலியளவு ஒரு டெசிபலில் நூறில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். வெள்ளி உயர்சுருதிகளைத் துலக்கமாகக் காட்டும் என்ற பேச்சும் கணக்கில் நிற்பதில்லை. 20 கிலோஹெர்ட்ஸில்கூட மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பிலிருந்து 0.46 மில்லிமீட்டர் ஆழம் வரை செல்லும். நம் கம்பியின் ஆரமோ 0.2 மில்லிமீட்டர்தான். ஆகவே கம்பி முழுவதும் வேலை செய்கிறது. மேற்பரப்பில் வெள்ளி இருப்பதால் மட்டும் உயர்சுருதிக்குத் தனி வழி ஏதும் திறப்பதில்லை.

உங்கள் இயர்போனின் நிலை வேறு. கேபிளின் வடிவமைப்பு உண்மையில் காதுக்கு எட்டுவது அங்கேதான். இத்தகைய இயர்போன்களின் மின்தடை ஒரு சுருதியில் 5 ஓமுக்கு இறங்கி, இன்னொன்றில் 50 ஓமுக்கு ஏறக்கூடும். அப்போது 0.40 ஓம் கேபிள் முதல் இடத்தில் ஏறத்தாழ 0.67 டெசிபலையும், இரண்டாம் இடத்தில் 0.07 டெசிபலையும் குறைப்பதால், ஒலியின் சமநிலையே 0.6 டெசிபல் அளவுக்குச் சாய்ந்துவிடும். வெள்ளிக்கு மாறினால் இந்தச் சாய்வில் 0.03 டெசிபல்தான் குறையும். செம்பின் குறுக்குப்பரப்பை இரட்டித்தாலோ சாய்வு பாதியாகிவிடும். எனவே இயர்போனுக்குத் தடித்த செம்பு, ஹெட்போனுக்கு 26 கேஜ் செம்பு என்பதே என் பரிந்துரை.

பொற்கொல்லரின் கம்பியைத் தவிர்க்கச் சொல்வதற்கு வேறு காரணங்களும் உண்டு. அச்சில் இழுத்த ஒற்றைக் கம்பி இறுகியிருக்கும். பதமாகச் சுட்டு இளக்கினாலும், தலையசைவுக்கெல்லாம் மடங்கி மடங்கி ஒருநாள் இற்றுவிடும். கேபிளுக்கு மயிர்போன்ற பல இழைகள் வேண்டும். நகைக்கடைகளில் வழங்கும் 925 வெள்ளியில் 7.5 விழுக்காடு வேறு உலோகம் கலந்திருப்பதால், தூய வெள்ளிக்குரிய அந்தச் சிறு ஆதாயமும் அதில் கிடைக்காது. வெள்ளிக்குக் கந்தகம் ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள். கந்தகமிட்டுப் பதப்படுத்திய ரப்பர் பட்டையால் சுற்றி வைத்தாலே அது கறுத்துவிடும். கடையில் ஆயத்த வெள்ளிக் கேபிளை விலை பேச நேர்ந்தால் ஒரு கணக்கு உதவும்: 26 கேஜில் நான்கு கம்பிகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டர் என்றால், அதிலுள்ள வெள்ளி ஏறத்தாழ 8 கிராம்தான்.

வெள்ளி முலாம் பூசிய செம்பையும் நம் பருவநிலைக்கு நான் விரும்புவதில்லை. டெப்லான் உறையிடும்போது ஏற்படும் உயர்வெப்பத்தைத் தாங்குவதற்காகவே அந்த முலாம் பெரிதும் பயன்படுகிறது. மெல்லிய முலாம் கீறிய இடத்தில் ஈரம் புகுந்தால் உள்ளிருக்கும் செம்பு சிவப்பாக அரிக்கத் தொடங்கும்.

உங்கள் பழைய கேபிள் பச்சையானதற்கு வியர்வையும், ஈரக்காற்றும், பிவிசி உறையை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள்களும் செம்போடு வினைபுரிவதே பொதுவான காரணம். இழை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எனாமல் பூசிய லிட்ஸ் கம்பி இதைப் பெரிதும் தடுக்கும். ஆனால் முனைகளில் அந்த எனாமலை முழுதாக நீக்காவிட்டால் சில இழைகளே இணைந்து, மற்றவை வெறுமனே உடன் ஓடிக்கொண்டிருக்கும். சோல்டர் செய்யத்தக்க எனாமல் என்றால், ஏறத்தாழ 400 பாகை செல்சியஸில் உருகிய ஈயத்தில் முனையைத் தோய்த்து எடுத்தால் போதும். அந்தப் புகை நுரையீரலுக்குக் கேடு என்பதால் சன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். இணைப்புக்கு 183 பாகையில் உருகும் 63/37 ஈயக்கலவை (வெள்ளீயம் 63, ஈயம் 37 விழுக்காடு) நல்லது. நகைப் பற்றாசு உருக 600 பாகைக்கு மேல் வேண்டும்; அது பிளக்கையே உருக்கிவிடும்.

இடது, வலது இரண்டின் திரும்பு கம்பிகளையும் பிளக் வரை தனித்தனியாகவே கொண்டுசெல்லுங்கள். பொதுக் கம்பி ஒன்றையே இரண்டும் பகிர்ந்தால் ஒருபக்க ஒலி மறுபக்கம் கசியும். நான்கும் தனியாக இருந்தால், பின்னாளில் இரு பக்கத்துக்கும் தனித் திரும்பு கம்பி கேட்கும் 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு பிளக்குக்கு மாற விரும்பும்போது பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் பேலன்ஸ்டு வெளியீட்டில், திரும்பு கம்பிகள் ஒன்றாக இணைந்த சாதாரணப் பிளக்கை அடாப்டர் வைத்துச் செருகாதீர்கள், ஆம்ப்ளிபயர் கெட்டுவிடலாம்.

கம்பிகளைத் தளர்வாகப் பின்னி, மெல்லிய துணி உறையிடுங்கள்; விறைப்பான உறை சட்டையில் உரசும் ஓசையைக் காதுவரை கடத்தும். பிளக்கின் கழுத்தில் சூடுபட்டால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் இரண்டடுக்கு இருக்கட்டும், கேபிள் முதலில் இறும் இடம் அதுதான்.

ஹெட்போனில் மாட்டுமுன் மல்டிமீட்டரால் ஒவ்வொரு கம்பியின் தொடர்ச்சியையும், கம்பிகளுக்கிடையே குறுக்குத் தொடர்பு இல்லை என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். மாட்டிய பிறகு பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் சிதறி, தாழ்சுருதிகளும் மெலிந்து கேட்டால், ஒருபக்கத்தின் இரு கம்பிகள் இடம் மாறியிருக்கின்றன. அந்தப் பக்கத்தை மட்டும் கழற்றி மாற்றிப் பற்றவையுங்கள்.