இன்சூரன்ஸ் இருக்கட்டும், அந்தத் தலைவலியைச் சொல்லுங்கள்

கேள்வி: முதல் கர்ப்பம், 35-வது வாரம். அக்காவின் பிரசவத்தின்போது கூடவே இருந்தேன். அன்றிலிருந்து பிரசவ வலி என்றாலே உடம்பு நடுங்குகிறது. சிசேரியன் கேட்டால், மருத்துவக் காரணம் இல்லாமல் இன்சூரன்ஸில் பணம் வராது என்கிறார் டாக்டர். ஏதாவது காரணம் எழுதித் தரச் சொல்லலாமா? ஸ்கேனில் குழந்தையின் கழுத்தைக் கொடி சுற்றியிருக்கிறது. நான் குள்ளம் வேறு. இணையத்தில் படித்துப் படித்து நான்கு நாளாகத் தலைவலி, கண்முன் பூச்சி பறக்கிறது. மாத்திரை போட்டுச் சமாளிக்கிறேன்.

பதில்: இன்றே மருத்துவமனைக்குப் போய் பிபி பாருங்கள், சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று சோதியுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். 20 வாரத்துக்கு அப்புறம் விடாத தலைவலியும் கண்ணில் பூச்சி பறப்பதும் சேர்ந்து வந்தால், கவலையால் வந்தது என்று நாமாக முடிவு கட்டக் கூடாது. ப்ரீஎக்லாம்சியா என்கிற கர்ப்பகால ரத்த அழுத்த நோய் இப்படித்தான் தலைகாட்டும். பிபி 140/90 என்றாலே கவனிக்க வேண்டும். 160/110 என்றால் அவசரம். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரைக்கும் போகும். வலது மேல்வயிற்றில் வலி, திடீரென முகம் வீங்குவது இருந்தாலும் சொல்லுங்கள். பிபி சரியாக இருந்தால் ரொம்ப நல்லது. வீணாக வந்தீர்கள் என்று யாரும் கோபிக்க மாட்டார்கள்.

என்ன மாத்திரை என்று எழுதவில்லையே! இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை என்றால் உடனே நிறுத்துங்கள். இந்த மாதத்தில் அவை குழந்தையின் இதயத்தை ஒட்டிய ரத்தக்குழாயைச் சுருக்கும், பனிக்குட நீரையும் குறைக்கும். பாரசிட்டமால்தான் என்றாலும், நான்கு நாள் வலியை அமுக்கிக்கொண்டு வீட்டில் இருந்தது தப்பு.

கொடி சுற்றலை மறந்துவிடுங்கள். நான்கைந்து குழந்தைகளில் ஒன்று அப்படித்தான் பிறக்கிறது. உயரத்தை மட்டும் வைத்து யாரும் சிசேரியன் முடிவு செய்வதில்லை.

பொய்க் காரணம் எழுதச் சொல்லி என்னிடமும் கேட்பார்கள். மறுத்துவிடுவேன். ‘இடுப்பெலும்பு குறுகல்’ என்று எழுதினால் அது உங்கள் மருத்துவப் பதிவிலேயே தங்கிவிடும். அடுத்த பிரசவத்தைப் பார்க்கும் மருத்துவர் அதை நம்பித்தான் முடிவெடுப்பார்.

ஆனால் உங்கள் பயம் பொய்யில்லை. பிரசவத்தை நினைத்து இந்த அளவு நடுங்குவதற்கு டோகோஃபோபியா என்று மருத்துவத்தில் பெயரே உண்டு. அக்காவுக்கு நடந்ததை உங்கள் மருத்துவரிடம் முழுதாகச் சொல்லுங்கள். மனநல ஆலோசனை கேளுங்கள். வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் எபிடியூரல் ஊசி எந்த நேரமும் கிடைக்குமா என்று இப்போதே விசாரியுங்கள். வலி தாங்க முடியாதபோது கேட்பாரில்லாமல் கிடப்போமோ என்பதுதான் பலருக்கு உள்ளூர இருக்கும் பயம்.

இத்தனைக்கும் பிறகு சிசேரியன்தான் வேண்டும் என்றால், அது உங்கள் உரிமை. நானாக இருந்தால் செய்துகொடுப்பேன். செலவு உங்களுடையது என்பதால் மொத்தத் தொகையை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். வேறு சிக்கல் இல்லாவிட்டால் 39 வாரம் முடியாமல் தேதி குறிக்காதீர்கள், குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரலாம். இன்னும் இரண்டு மூன்று குழந்தைகள் வேண்டும் என்றால் நன்றாக யோசியுங்கள்: ஒவ்வொரு சிசேரியனுக்கும், அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு (பிளசென்டா) பழைய தழும்பில் ஆழமாக ஒட்டிக்கொள்ளும் ஆபத்து கூடும்.

சுகப்பிரசவத்துக்குக் காத்திருக்கும்போது குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்து சிசேரியன் செய்ய நேர்ந்தால் அது மருத்துவக் காரணம்தான். இன்றைக்கு பிபி அதிகம் இருந்தாலும், வலி வரவைத்துச் சுகப்பிரசவம் பார்க்கப் பெரும்பாலும் வழி உண்டு.

இதெல்லாம் அப்புறம் பேசலாம். ஸ்கேன் ஃபைலையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். தனியாகப் போக வேண்டாம்.