பழைய கம்பெனிக்கே திரும்பிப் போகட்டுமா?

வணக்கம் மேடம்,

எனக்கு 38 வயது, கோவை. வெப்சைட் கட்டுகிற ட்ரூபல் என்ற சாஃப்ட்வேரின் 7-ஆம் வெர்ஷனில் மட்டுமே பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன். சரவணம்பட்டியில் ஒரு சின்ன கம்பெனி, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் வெப்சைட்டுகள். சம்பளம் சுமார்தான், ஆனால் சைட்டில் எது உடைந்தாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். 2011-இல் வந்த ட்ரூபல் 7-க்கு 2021 நவம்பரோடு சப்போர்ட் முடிகிறது என்றார்கள், கொரோனாவால் 2022 என்றார்கள், அப்புறம் 2023, கடைசியில் 2025 ஜனவரி 5-ஆம் தேதி நிஜமாகவே நிறுத்திவிட்டார்கள். அதற்குள் பாதி கிளையன்ட் கழன்றுகொண்டாயிற்று. புது ட்ரூபலுக்குப் போவதும் கிட்டத்தட்ட முதலிலிருந்து எழுதுகிற வேலைதான், 8-ஆம் வெர்ஷனிலேயே அடித்தளத்தை சிம்ஃபனி என்ற வேறு ஃபிரேம்வொர்க்குக்கு மாற்றிவிட்டார்கள். மாறுவதுதான் மாறுகிறோம், மொத்தமாக மாறிவிடலாம் என்று வெப்சைட்டின் முன்பக்கம் எழுதுகிற ரியாக்ட், அதன் மேல் கட்டிய நெக்ஸ்ட் ஜேஎஸ் இரண்டையும் படித்து வேறு கம்பெனியில் சேர்ந்தேன்.

அங்கே என் டீம் லீடுக்கு 27 வயது. "அண்ணா" என்றுதான் கூப்பிடுகிறான், நல்ல பையன், அதனாலேயே கோபப்படவும் முடியவில்லை. கோட் ரிவ்யூவில் "இங்க எதுக்குண்ணா யூஸ்எஃபெக்ட்?" என்று ரியாக்ட்டின் ஒரு ஃபங்ஷனைக் காட்டிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் அது ஏஐ எழுதிக் கொடுத்தது. ட்ரூபலில் ஒரு ஃபார்மை மாற்ற வேண்டுமென்றால் அது யார் எழுதியதாக இருந்தாலும் வெளியிலிருந்து ஹூக் என்ற சின்னக் கோட் ஒன்றைப் போட்டு மாற்றிவிடுவேன். இங்கே டேட்டா மேலிருந்து கீழே இறங்கித்தான் வர வேண்டும், நடுவில் கை வைக்கக் கூடாது. தெரியும். தெரிந்தும் கை அங்கேயே போகிறது.

போன வாரம் மீட்டிங்கில் கிளையன்ட் ஒரு கேள்வி கேட்டார், பப்ளிஷ் ஆகாத பக்கத்தின் லிங்க் வெளியாள் கையில் கிடைத்தால் திறக்குமா என்று. யாருமே அதை யோசித்திருக்கவில்லை. இந்தப் பர்மிஷன் சிக்கலை எத்தனையோ சைட்டில் பார்த்தவன் நான், வாயே திறக்கவில்லை. பேசினால் அடுத்த கேள்வி ரியாக்ட்டில் வந்துவிடுமே.

குழந்தைகள் தூங்கியதும் ராத்திரி ரெண்டு மணி வரை வீடியோ பார்க்கிறேன். மனைவியிடம் "செட் ஆயிட்டேன்" என்று சொல்லி வைத்திருக்கிறேன், வீட்டு லோன் வேறு இருக்கிறது. பழைய முதலாளி, "இன்னும் சில கிளையன்ட் ட்ரூபல் 7-இலேயே இருக்கிறார்கள், வந்துவிடு" என்கிறார். எனக்கு மூளைக்கு வயசாகிவிட்டதா மேடம்? போய்விடட்டுமா?

— பெயர் வேண்டாம், கோவை

அன்புள்ள தம்பிக்கு,

வயசுக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். புதுப் புதிரைச் சட்டென்று அவிழ்க்கிற திறன் ஒன்று, சேர்த்து வைத்த அறிவை எடுத்துப் பயன்படுத்துகிற திறன் இன்னொன்று என்று ரேமண்ட் கேட்டல் என்ற உளவியலாளர் 1940-களிலேயே பிரித்துச் சொன்னார். முதலாவது வயதோடு மெல்லக் குறையும், இரண்டாவது ஐம்பதைத் தாண்டியும் வளரும். 38-இல் ஒரு ஃபிரேம்வொர்க் ஏறாத அளவுக்கு எதுவும் குறைந்துவிடாது.

உங்களுக்கு நடப்பது வேறு. வருஷக்கணக்கில் கியர் பைக் ஓட்டியவர் ஸ்கூட்டரில் ஏறினால் இடது கை கிளட்ச் என்று நினைத்துப் பிரேக்கைப் பிடித்துவிடும். புதிதாக வண்டி பழகுகிறவருக்கு இந்தத் தொல்லையே கிடையாது. பழைய திறமை ஆழமாக இருப்பவர்களுக்குத்தான் அது புதியதில் குறுக்கே வரும், கொஞ்ச காலம். அதனால் கோட் எழுதுவதற்கு முன், இதை ட்ரூபலில் எப்படிச் செய்திருப்பேன், இங்கே ஏன் அது கூடாது என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். கை தானாகப் போவதற்குள் புத்தி முந்திக்கொள்ளும்.

ஆனால் என்னை உறுத்தியது அந்த மீட்டிங்தான். ரியாக்ட் தெரியாது என்பதை மறைக்கப் போய், நன்றாகத் தெரிந்ததையும் சேர்த்து மறைத்துவிட்டீர்கள். அந்த அறையில் கிளையன்டுக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள். யாரிடம் மறைக்கிறீர்கள் என்பதையும் யோசியுங்கள், உங்கள் ரெஸ்யூமில் பத்து வருஷம் ட்ரூபல் என்று எழுதியிருந்ததைப் பார்த்துத்தானே வேலைக்கு எடுத்தார்கள்! பப்ளிஷ் ஆகாத பக்கம், அந்த டிராஃப்ட் விஷயத்தை நாளைக்கே லீடிடம் எழுதி அனுப்புங்கள், ஒரு வாரம் தாமதமானாலும் பரவாயில்லை. கூடவே "யூஸ்எஃபெக்ட் எனக்கு இன்னும் பிடிபடல தம்பி, பத்து நிமிஷம் உட்காரலாமா?" என்றும் கேளுங்கள். ஒன்றைக் கொடுத்து ஒன்றைக் கேட்கும்போது அவ்வளவு கூசாது. ஏஐயிடம் கேட்பதில் தப்பில்லை, உங்களால் விளக்க முடியாத வரியை மட்டும் ரிவ்யூவுக்கு அனுப்பாதீர்கள்.

ராத்திரி வீடியோவை நிறுத்துங்கள். பார்க்கும்போது புரிந்த மாதிரிதான் இருக்கும், மூடிவிட்டு நீங்களே எழுதிப் பார்த்தால்தான் எவ்வளவு நின்றது என்று தெரியும். அது நிற்பதற்கும் தூக்கம் வேண்டும், நீங்கள் அதைத்தான் வெட்டுகிறீர்கள். படுத்தும் தூக்கம் வராமல் வாரக்கணக்கில் போனால் டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம். மனைவியிடமும் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். ரெண்டு மணி வரை விழித்திருக்கும் ஆளைப் பார்த்து அவர் ஏற்கெனவே ஏதாவது ஊகித்திருப்பார்.

பழைய கம்பெனிக்குத் திரும்புவது கேவலம் ஒன்றும் இல்லை. ட்ரூபல் 7-க்குக் காசு வாங்கிக்கொண்டு பாதுகாப்புப் பராமரிப்பு செய்யும் நிறுவனங்கள் இன்னும் இருக்கின்றன, அதில் வருமானமும் உண்டு, ஆனால் சுருங்கிக்கொண்டே போகிற வேலை. முதலாளியிடம் எத்தனை கிளையன்ட், ஒப்பந்தம் எந்த வருஷம் வரை என்று கேளுங்கள். "வா, பாத்துக்கலாம்" என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னொன்று, பின்னால் ட்ரூபல், முன்னால் நெக்ஸ்ட் ஜேஎஸ் என்று சேர்த்துக் கட்டும் சைட்டுகள் இப்போது நிறைய உண்டு, உங்கள் கிளையன்ட் கேட்ட டிராஃப்ட் கேள்வி அந்த மாதிரிச் சைட்டுகளில் அடிக்கடி தலைதூக்குவதுதான். இப்போதைய கம்பெனியிலேயே அப்படி ஏதாவது புராஜெக்ட் இருக்கிறதா என்று விசாரியுங்கள். ப்ரொபேஷன் முடியும்வரை முதலாளிக்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டாம், கொஞ்சம் டைம் கொடுங்கள் என்று மட்டும் கேட்டு வையுங்கள்.